ஃபெடோராவில் தமிழ்ப் பொதி படுத்திய பாடு

ஐயாவின் மணிவிழா மலர் காரைக்குடி வீட்டு அலமாரியில் கிடந்தது. ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தை வாசித்துத் தரும் டெசராக்ட் மென்பொருளில் எழுத்தாக்கலாம் என்று உட்கார்ந்தேன். என் உபுண்டு லினக்ஸில் 'டெசராக்ட்-ஓசிஆர்-டாம்' என்ற தமிழ்ப் பொதியைப் போட்டதும் வேலை முடிந்தது. தேவகோட்டையிலிருந்து வந்திருந்த தம்பியின் லேப்டாப்பில் இருந்ததோ ஃபெடோரா என்ற வேறொரு லினக்ஸ். அதே பெயரைக் கொடுத்தால் அப்படி ஒன்றுமே இல்லை என்றது. அங்கே அது 'டெசராக்ட்-லாங்பேக்-டாம்', ஆர்ச் லினக்ஸில் 'டெசராக்ட்-டேட்டா-டாம்'. ஒரே கோப்புக்கு ஊருக்கொரு பெயர்!

சரி, நிறுவியாயிற்று. அப்புறமும் தமிழ்த் தரவைத் திறக்க முடியவில்லை என்றே பிழை. "அண்ணே, மறுபடி போட்டுப் பார்ப்போமா?" என்றான். இரண்டு முறை போட்டோம், வீண். காபி ஆறிய பிறகுதான் பிழை வரியை முழுசாகப் படித்தேன். அது தேடியது உபுண்டுவின் அடைவை (ஃபோல்டரை)! வசதியாக இருக்கட்டும் என்று என் டெர்மினல் அமைப்புகள் இருக்கும் பாஷ்ஆர்சி கோப்பை அவனுக்கு நகலெடுத்துக் கொடுத்தவனே நான்தான். அதிலிருந்த, மொழித் தரவு எங்கே என்று டெசராக்ட்டுக்குச் சொல்லும் 'டெஸ்டேட்டா_ப்ரிஃபிக்ஸ்' வரி உபுண்டுவின் பாதையையே காட்டிக்கொண்டிருந்தது. அதை நீக்கி, டெர்மினலை மூடித் திறந்ததும் மொழிப் பட்டியலில் தமிழைக் குறிக்கும் 'டாம்' வந்து நின்றது.

மலரோ 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. துதிக்கை வைத்த பழைய 'லை', 'னை' எல்லாவற்றையும் டெசராக்ட் கண்டபடி வாசிக்கிறது. அவற்றைக் கையால்தான் திருத்திக்கொண்டிருக்கிறோம்.