ஐ7 என்று ஒட்டியிருந்தால் போதுமா? கேமிங் லேப்டாப் ப்ராசசரில் ஏமாறும் இடங்கள்

சித்தப்பா மகன் கல்லூரியில் சேர்ந்த கையோடு லேப்டாப்பை வாங்கிவிட்டு, அப்புறம்தான் எனக்கு போன் செய்தான். "அண்ணா, ஐ7 வாங்கிட்டேன், 10 கோர். ஆனா வேலரன்ட் லேக் அடிக்குது." ஸ்டிக்கரை விட்டுவிட்டு ப்ராசசரின் முழுப் பெயரைப் படிக்கச் சொன்னேன். கோர் ஐ7-1255யூ. கடைசி எழுத்தைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது.

ஐ5, ஐ7, ஐ9 என்ற எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். வாலில் தொங்கும் எழுத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. யூ என்று முடிந்தால் அது மெல்லிய, பேட்டரி நீடிக்கிற லேப்டாப்புக்கான சிப். அதன் அடிப்படை மின்சக்தி பெரும்பாலும் 15 வாட். எச் என்றால் 45 வாட். எச்எக்ஸ் என்றால் 55 வாட். டெஸ்க்டாப் சிப்பையே லேப்டாப்புக்குள் அடக்கிய வகை அது. கோர் என்பது ப்ராசசருக்குள் தனித்து வேலை செய்யும் ஒரு பகுதி. 1255யூவில் உள்ள 10 கோர்களில் வேகமான பெர்ஃபாமன்ஸ் கோர் இரண்டே இரண்டுதான். மீதி எட்டும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் சின்னக் கோர்கள். ஐ5-12450எச்சில் மொத்தமே 8 கோர்தான், ஆனால் அதில் நான்கு பெரியவை. த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச் சரடு, இரண்டுக்கும் 12. பெரும்பாலான கேம்கள் தம் சுமையில் பெரும்பகுதியை ஒருசில த்ரெட்களின் தலையில்தான் கட்டுகின்றன. அதைத் தாங்கப் பெரிய கோர் வேண்டும். எதை எடுப்பாய் என்று கேட்டால் யோசிக்காமல் அந்த ஐ5-ஐத்தான் சொல்வேன்.

இதுவரை சொன்னது இன்டெல் சிப்கள். போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் போனால் குழப்பம் வேறு மாதிரி. ரைசன் 7000 வரிசையில் முதல் எண் 7 என்பது 2023ஆம் ஆண்டு மாடல் என்று மட்டும்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பது மூன்றாவது எண்ணில் ஒளிந்திருக்கிறது. ரைசன் 5 7520யூ என்றால் மூன்றாம் எண் 2, அதாவது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, அதுவும் 4 கோர். ரைசன் 5 7535எச்எஸ் ஜென் 3 பிளஸ். ரைசன் 5 7640எச்எஸ் ஜென் 4. மூன்றுக்கும் கடையில் ஒரே பெயர், 'ரைசன் 5 செவன் தவுசண்ட்'. நடுவில் இருக்கும் 7535எச்எஸ் மோசமில்லை; ஆனால் புதுச் சிப்பின் விலை சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

இன்டெல்லும் 2023 கடைசியில் 'ஐ' எழுத்தைக் கழற்றிவிட்டுப் பெயர்களை மாற்றியது. இப்போது கடைகளில் பார்க்கும் கோர் 5 210எச், கோர் 7 240எச் எல்லாம் பழைய ராப்டர் லேக் வடிவமைப்புதான். கேமுக்கு இவை நன்றாகவே ஓடும். இன்டெல்லின் 'கோர் அல்ட்ரா' வரிசைபோலப் பெயரில் அல்ட்ரா இல்லை என்று ஒதுக்கவும் வேண்டாம், புதுப் பெயர் என்று கூடுதலாகக் கொடுக்கவும் வேண்டாம். ஏஎம்டியின் ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370ஐப் பார்த்து நானே ஒரு நிமிடம் தடுமாறினேன். பெயரில் எச்எக்ஸ் இருந்தாலும் அது 28 வாட்டைச் சுற்றி அமைந்த, மெல்லிய லேப்டாப்புக்கான சிப். ஏஐ வேலைக்கென்று அதில் இருக்கும் பகுதியால் கேமில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறிவிடும் என்று எண்ணி வாங்க வேண்டாம்.

சரி, நல்ல எச் ப்ராசசராகவே எடுத்தாயிற்று. அதோடு வேலை முடிந்ததா? லேப்டாப்பில் ஒரே சிப் இரண்டு உடம்பில் இரண்டு விதமாக ஓடும். ஐ7-12700எச்சின் அடிப்படை 45 வாட், உச்சம் 115 வாட். உச்சத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது லேப்டாப் தயாரிப்பாளர் வைத்த வரம்பும், உள்ளே இருக்கும் செம்புக் குழாய்களும் ஃபேனும்தான். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 4.7 கிகாஹெர்ட்ஸ், ஓரிரு கோர்கள் மட்டும் வேலை செய்யும்போது தொடும் எண். கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வேகம் தன் உண்மையான மட்டத்துக்கு இறங்கிவிடும். வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் இறங்கும். பல லேப்டாப்களில் ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் குழாய்கள் பொது. ஒன்று கொதித்தால் மற்றதும் சேர்ந்து வேகும். மே மாதத்தில், ஏசி இல்லாத மாடி அறையில் உட்கார்ந்து விளையாடப்போகிறவர் மெல்லிய உடம்பில் ஐ9 வாங்குவது, குறுகிய சந்தில் லாரி ஓட்டுவது மாதிரி. அதே ப்ராசசர் என்று ஏதோ ஒரு விமர்சன வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலை அரை மணி நேரமாவது ஓட்டிக் காட்டும் விமர்சனத்தைத் தேடுங்கள்.

இனி பணத்தைப் பங்கு போடும் கணக்கு. ஒரே பட்ஜெட்டில் ஐ7-ம் ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டும் ஒரு பக்கம், ஐ5 எச்சும் ஆர்டிஎக்ஸ் 4060-ம் மறுபக்கம் இருந்தால் பலர் முதலாவதைத் தூக்குகிறார்கள். வீட்டில் ஐ7 என்று சொன்னால்தான் மதிப்பு போலிருக்கிறது. சைபர்பங்க் 2077 போன்ற கேம்களில் பாரம் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் மேல் விழும். அங்கே இரண்டாவது லேப்டாப் வெகுதூரம் முன்னே போய்விடும். ஆனால் அந்த 4060-க்கும் 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சக்தி கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். டிஜிபி (கிராபிக்ஸுக்கான மொத்த மின்சக்தி) என்று மாடலின் விவரப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டும் இதற்கு நேர் எதிர். கிராபிக்ஸைக் குறைத்து வைத்து 144 ஹெர்ட்ஸ் திரையில் விளையாடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ப்ராசசர்தான் முட்டுக்கட்டை. யாருக்கு எது தடை என்பதை நீங்களே பார்த்துவிடலாம்: கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ப்ராசசர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. எஃப்பிஎஸ்ஸுக்கு எந்த வரம்பும் வைக்காமலே கார்டின் பயன்பாடு 60 சதவீதத்தில் கிடந்தால், பெரும்பாலும் கார்டு ப்ராசசருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

'இப்போதைக்கு இது, அப்புறம் ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்றைய லேப்டாப்களில் அது போர்டோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. ரைசன் 7 7435எச்எஸ் போன்ற சில சிப்களில் உள் கிராபிக்ஸே கிடையாது. விலை குறைவு, கேமுக்குப் பிரச்சினையில்லை. ஆனால் பாடம் படிக்கும்போதும் கிராபிக்ஸ் கார்டுதான் திரையை ஓட்ட வேண்டும் என்பதால் பேட்டரி சீக்கிரம் கரையும். கல்லூரிக்குத் தூக்கிச் செல்பவருக்கு இது முக்கியம்.

தம்பியின் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருந்தது. கிராபிக்ஸ் என்ற இடத்தில் யூஎச்டி என்று காட்டியது. அந்தச் சிப்பில் இருக்கும் உள் கிராபிக்ஸ் ஐரிஸ் எக்ஸ்இ. ஆனால் ரேம் இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வழியாக, ஓடாவிட்டால் அந்தப் பெயரே வராது, வேகமும் வராது. காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி குச்சியைச் செருகினோம். ஐரிஸ் எக்ஸ்இ என்று பெயர் மாறியது, வேலரன்ட்டில் திணறலும் நன்றாகவே குறைந்தது. பெரிய கேம்களை அவன் இன்னும் அறை நண்பனின் லேப்டாப்பில்தான் விளையாடுகிறான். அது ஐ5.