ஆசிலோஸ்கோப்புக்கு எந்த எண், மல்டிமீட்டருக்கு எந்த எண்?

அம்பத்தூர், கிண்டி பக்கத்துச் சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளுக்குச் சுங்க கிளியரன்ஸ் செய்துகொடுப்பது என் தொழில். பெரும்பாலும் மீனம்பாக்கம் ஏர் கார்கோவில் இறங்கும் சரக்கு. புதிதாக இறக்குமதி செய்கிறவர் முதலில் கேட்பது, “ஹெச்எஸ் கோடு என்ன சார்?” தீர்வையை முடிவு செய்யப் பொருளை வகைப்படுத்தும் சுங்க எண் அது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்டால், “டெஸ்டிங் மெஷின்” என்பார். அதை வைத்து எந்த எண்ணும் போட முடியாது.

கருவி எதை அளக்கிறது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். வோல்டேஜ், கரன்ட், ரெசிஸ்டன்ஸ் என்று மின்சாரம் சார்ந்த அளவு எதுவாக இருந்தாலும் 9030 தலைப்பைத் திறக்க வேண்டும் (எண்ணின் முதல் நான்கு இலக்கம்தான் தலைப்பு). வெப்பநிலையை மட்டும் அளந்தால் 9025. லக்ஸ் மீட்டரும் சவுண்ட் லெவல் மீட்டரும் 9027. வீட்டில் யூனிட் கணக்குப் பார்க்கும் மின்மீட்டர் 9028. அதே மேசையில் இருந்தாலும் எதையும் அளக்காத இந்த இரண்டும் சாப்டர் 90-க்கே, அதாவது 90 என்று தொடங்கும் எண்களுக்கே, வராது: சிக்னல் ஜெனரேட்டர் 8543 20, பெஞ்ச் பவர் சப்ளை 8504 40. எல்லாம் ஒரே இன்வாய்ஸில் வந்தாலும் பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பு) தனித்தனி ஐட்டமாகத்தான் போட வேண்டும். பலர் குழப்பம் வந்தால் 9031-ல் தள்ளிவிடுகிறார்கள். அது இந்தச் சாப்டரில் வேறெங்கும் சொல்லப்படாத கருவிகளுக்கான இடம். 9030-ல் பொருந்துகிற கருவிக்கு அங்கே வேலை இல்லை.

9030-க்குள் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆசிலோஸ்கோப் 9030 20. ரெக்கார்டிங் வசதி இல்லாத மல்டிமீட்டர் 9030 31, இருந்தால் 9030 32. மெமரியில் பதிந்து வைக்கும் லாக்கிங் மாடல்களில் இதைக் கட்டாயம் பாருங்கள். மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) அளப்பது ரெசிஸ்டன்ஸ் என்பதால், ரெக்கார்டிங் வசதி இல்லாதது 9030 33. இந்த ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். கடைசி இரண்டு இலக்கம் நம் நாட்டுப் பிரிவு. 9030 33 இந்திய அட்டவணையில் இன்னும் உடைகிறது, அதனால் எட்டு இலக்கத்தையும் பார்த்துவிட்டே எழுதுங்கள். சீன சப்ளையர் இன்வாய்ஸில் பத்து இலக்கம் போட்டிருப்பார். அது அவருடைய ஏற்றுமதிக்கு. முதல் ஆறைச் சரிபார்க்க உதவும், அதற்கு மேல் அது உங்களைக் கட்டுப்படுத்தாது.

ஒரே பெட்டியில் ஸ்கோப், மல்டிமீட்டர், சிக்னல் ஜெனரேட்டர் மூன்றும் சேர்ந்திருந்தால்? முதன்மையான வேலை எதுவோ அதற்குரிய எண். சுங்க அட்டவணையின் பிரிவு 16-ன் குறிப்பு 3 இதைச் சொல்கிறது, அது சாப்டர் 90-க்கும் பொருந்தும் என்று அந்தச் சாப்டரின் குறிப்பு 3-லேயே இருக்கிறது. ஜெனரேட்டர் கூடுதல் வசதியாக உள்ள ஸ்கோப், ஸ்கோப்தான்.

சண்டை வருவது 9030 40-ல். தொலைத்தொடர்புக்கென்றே தனியாக வடிவமைக்கப்பட்ட கருவிகள் அங்கே வருகின்றன, அடிப்படைத் தீர்வை கிடையாது. மற்ற 9030 ஐட்டங்களுக்குப் பொதுவாக 7.5 சதவீதம். மதிப்பு ஒரு லட்சம் என்றால் தீர்வை 7,500, அதன் மேல் சமூகநல சர்சார்ஜ் 750, பிறகு 1,08,250-க்கு 18 சதவீத ஐஜிஎஸ்டி 19,485. ஆக 27,735 ரூபாய். 9030 40 என்றால் ஐஜிஎஸ்டி 18,000 மட்டும். ஐஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட் எடுத்துக்கொள்ள முடிகிறவருக்கு உண்மையான வித்தியாசம் 8,250 ரூபாய்தான். விலை உயர்ந்த ஸ்பெக்ட்ரம் அனலைசருக்கு இது பெரிய தொகை, அதனால் ஆசை வரும். மொபைல் டவர் வேலைக்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று கடிதம் கொடுத்தால் போதும் என நினைக்கிறார்கள். போதாது. நீங்கள் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை விட, கருவி எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதைத்தான் பார்ப்பார்கள். கேட்டலாக்கில் “ஆராய்ச்சி, கல்வி, பொது அளவீடு” என்று அச்சிட்டிருந்தால் விவாதம் அங்கேயே முடிந்தது. 9030 82-ம் இதே கதை: செமிகண்டக்டர் வேஃபர், சிப் சோதிக்கும் கருவிக்கு மட்டும். பாகங்கள் பொருத்திய சர்க்யூட் போர்டைச் சோதிக்கும் டெஸ்டரை அதில் நுழைக்காதீர்கள்.

உதிரிபாகத்திலும் கவனம் வேண்டும். ஸ்கோப் புரோப், அந்தக் கருவிக்கென்றே செய்த போர்டு எல்லாம் 9030 90. ஆனால் ரீசார்ஜ் செய்யும் லித்தியம்-அயன் பேட்டரி 8507 60, கூலிங் ஃபேன் 8414, கனெக்டர் பொருத்திய சாதாரண கேபிள் 8544 42. தனக்கென்று சொந்தத் தலைப்பு உள்ள பொருள், எந்தக் கருவிக்குப் போனாலும் அந்தத் தலைப்புக்கே போகும். கருவியோடு வரும் பொருத்தமான கேரி கேஸுக்குத் தனி எண் தேவையில்லை.

எண்ணை விட நான் அதிக நேரம் செலவழிப்பது பொருள் விவரம் எழுதுவதில். 2020-லிருந்து முகமறியா மதிப்பீடு வந்துவிட்டது. சென்னையில் இறங்கும் சரக்கின் பில்லை வேறு ஊர் அதிகாரி பார்க்கலாம். பெட்டியை அவர் பார்க்கப் போவதில்லை, நீங்கள் எழுதிய வரி மட்டும்தான் அவருக்குத் தெரியும். “டெஸ்ட் எக்விப்மென்ட், மாடல் இன்னது” என்று எழுதினால் கேள்வி வரும், இரண்டு நாள் போகும், டெமரேஜ் (சரக்கு தேங்கி நிற்பதற்கான கட்டணம்) ஏறும். “டிஜிட்டல் ஆசிலோஸ்கோப், 4 சானல், 200 மெகாஹெர்ட்ஸ், மின்அலை வடிவம் அளக்க, புதியது” என்று எழுதுங்கள். கேட்டலாக்கின் தொழில்நுட்பப் பக்கத்தை இ-சஞ்சித்தில் (சுங்கத் துறையின் ஆவணம் ஏற்றும் தளம்) முதலிலேயே ஏற்றிவிடுங்கள். கேட்டலாக்கே தெளிவாக இல்லையென்றால் ஃபர்ஸ்ட் செக் கேளுங்கள், பெட்டியைப் பரிசோதித்த பிறகு எண்ணை முடிவு செய்வார்கள். இன்னொன்று, வைஃபை உள்ள ஸ்கோப் என்றால் டபிள்யூபிசியின் (மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு) இடிஏ சான்று, அதாவது வயர்லெஸ் கருவிக்கான ஒப்புதல், கேட்பார்கள். அது சரக்கு கிளம்புவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

தவறான எண் போட்டுச் சரக்கு வெளியே வந்துவிட்டாலும் விஷயம் முடியாது. குறைவாகக் கட்டிய தீர்வையைச் சுங்கச் சட்டத்தின் 28-ம் பிரிவின் கீழ் 2 ஆண்டு வரை கேட்கலாம், மறைத்ததாகக் கருதினால் 5 ஆண்டு வரை, வட்டியோடு. தீர்வைக்குச் சமமான அபராதமும் அப்போது வரும்.

ஒரே கருவியைத் திரும்பத் திரும்ப இறக்கப் போகிறீர்கள், எண்ணில் உண்மையான சந்தேகம் இருக்கிறது என்றால் டெல்லியிலோ மும்பையிலோ உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பியுங்கள். கட்டணம் 10,000 ரூபாய், தீர்ப்பு சட்டம் சொல்லும் காலம் வரை செல்லும், இடையில் சட்டம் மாறினால் அதுவரைதான். ஒரே ஒரு மல்டிமீட்டர் வாங்குகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.