தீபாவளிப் பரிசுக்கு ஒரு நோட்டு போடுங்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே கொள்முதல் பிரிவுக்கு ஸ்வீட் பாக்ஸ் வரத் தொடங்கிவிடும். வாங்குவதா வேண்டாமா என்று அன்றைக்கு யோசிக்காதீர்கள். ஆயுத பூஜைக்கு முன்பே சப்ளையர்களுக்குக் கடிதம் அனுப்பிவிடுங்கள்: பரிசு வேண்டாம், அனுப்பியே தீருவதென்றால் இனிப்பு மட்டும், அலுவலக முகவரிக்கு மட்டும். வீட்டுக்குப் போகும் பெட்டியில்தான் வினையே.

வருவதையெல்லாம் ஒரு நோட்டில் ஏற்றுங்கள். தேதி, அனுப்பியவர், யார் பெயருக்கு, என்ன பொருள், தோராய மதிப்பு, என்ன செய்தோம் என ஆறு கட்டம் போதும். பெட்டியைப் பிரித்துப் பார்த்த பிறகே எழுதுங்கள். முந்திரி கத்லிக்கு அடியில் வெள்ளிக் காசோ கிஃப்ட் கார்டோ இருப்பதுண்டு. அப்படி இருந்தால் அன்றே திருப்பி அனுப்பி, கூரியர் ரசீதை அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இனிப்பைச் செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர் உட்பட எல்லோருக்கும் பகிருங்கள். டெண்டர் முடிவாகாத சப்ளையரிடம் இனிப்பும் வேண்டாம்.

இது சறுக்குவது பெரும்பாலும் மேலிடத்தில்தான். மேலாளருக்கு வந்த பெட்டி நோட்டில் ஏறாவிட்டால், கீழே ஒருவரும் எழுத மாட்டார்கள். முதல் வரி முதலாளியின் பெயரில் இருக்கட்டும்.

நீங்கள் கொடுக்கும் பரிசுக்கும் தனி நோட்டு வேண்டும். காரியம் ஆக அரசு ஊழியருக்குக் கொடுத்தது, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தப்படி, நிறுவனத்தையே குற்றவாளியாக்கும். தடுக்கப் போதிய நடைமுறை வைத்திருந்தோம் என்று நிரூபிப்பதே நிறுவனத்துக்குச் சட்டம் தரும் தற்காப்பு. அன்றைக்குக் கையில் இருக்க வேண்டியது அந்த நோட்டு.