எழுவானில் விடிந்து படுவானில் பொழுது சாய: கல்லடியில் இரண்டு நாள்

போன சித்திரையில் என் தம்பியின் மகன் மனைவி பிள்ளைகளோடு கனடாவிலிருந்து வந்திருந்தான். கண்டி, நுவரெலியா எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசி இரண்டு நாளை எனக்கென்று ஒதுக்கியிருந்தான். முதல் நாள் ஒன்பது மணிக்கு எழுந்தார்கள். பத்து மணிக்குக் கடற்கரைக்குப் போனார்கள். மணல் கொதிக்கிறது என்று பத்தரைக்கே திரும்பி வந்து கேட்டான்: “மாமி, இங்கே பார்க்க வேறு என்ன இருக்கிறது?”

எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. மட்டக்களப்பு நகரை ஒட்டிய இந்தக் கல்லடியில் பிறந்து, படித்து, முப்பது வருடம் இங்கேயே பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பித்தவள் நான். என் சொந்த மருமகனுக்கு என் ஊரில் எப்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டேனே என்று கவலையாக இருந்தது. அன்று மாலை அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒரு மெலிந்த நிலத்துண்டு. அதன்மேல்தான் கல்லடி இருக்கிறது. இந்தக் கரைக்கு எழுவான்கரை என்று பெயர், சூரியன் எழும் பக்கம். வாவிக்கு அப்பால் வயலும் குளமுமாகக் கிடப்பது படுவான்கரை, சூரியன் படும் பக்கம். எங்கள் முன்னோர் பெயரிலேயே வழிகாட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விடியற்காலையில் கடலுக்குப் போங்கள், மாலையில் வாவிக்குப் போங்கள். இரண்டுக்கும் இடையே கால்மணி நேர நடை. நடுப்பகலில் நிழல் பார்த்துத் தூங்குங்கள். ஊர்க்காரர்கள் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

வருவதற்கு நல்ல காலம் பங்குனி முதல் ஆவணி வரை. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் அடைமழையும். கடல் கறுத்துப்போய் நிற்கும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். வயல்வெளியைக் கடந்து வருகிற வெக்கைக் காற்று அது, உதடு வெடிக்கும். கடற்கரையில் சுருளில் கட்டி விற்கிற நிலக்கடலைக்கும் எங்களிடம் கச்சான் என்றுதான் பெயர். என் மருமகனின் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொண்டு, காற்றை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார்கள்.

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் வந்தால் விடியற்புறம் மட்டக்களப்பில் இறங்கலாம். போயா (பூரணை) விடுமுறையோடு சேர்ந்த நாட்களுக்கு ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டு வந்தால் முதல் நாள் உடல்வலியிலேயே போய்விடும். நிலையத்திலிருந்து ஓட்டோவில் கல்லடிப் பாலத்தைக் கடந்து வரலாம். பைகளை வைத்துவிட்டு உறங்கப் போகாதீர்கள். நேரே கடற்கரைக்கு நடங்கள்.

ஐந்தரை மணிக்கு அங்கே நின்றால் கரைவலை இழுப்பதைக் காணலாம். இருட்டோடு தோணியில் போய் வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு வந்திருப்பார்கள். அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு குழுக்கள் பிடித்து, பின்னோக்கி நடந்து நடந்து இழுக்கும். ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் அதற்கு மேலும். ஆரம்பத்தில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பொறுமையாக நில்லுங்கள். இரண்டு குழுக்களும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கி வரும். கடைசியில் வலையின் மடி கரையைத் தொடும்போது பறவைகள் கூட்டமாக இறங்கும், பெரியவர்கள் சத்தம் போடுவார்கள், நெத்தலி, சூடை, கீரி மீன்கள் வெள்ளியைக் கொட்டியதுபோல் துள்ளும். சில நாள் பாதி மடி சொறிமுட்டையாகவும் (ஜெலிமீன்) குப்பையாகவும் வரும். அன்றைக்கு யாரும் பேசமாட்டார்கள், நீங்களும் படம் எடுக்காதீர்கள். அது அவர்களுடைய ஒரு நாள் கூலி.

கயிற்றுக்குக் குறுக்கே போகக் கூடாது. இறுகிய கயிறு வழுக்கினால் காலை வாரிவிடும். இழுக்கக் கைகொடுக்க ஆசை என்றால் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். அநேகமாகச் சிரித்துக்கொண்டு இடம் விடுவார்கள். என் மருமகன் இரண்டாம் நாள் பிடித்தான். உள்ளங்கை சிவந்துபோய் வந்து நின்ற அவன் முகத்தில் சிறு பிள்ளையில் பார்த்த அதே களையைக் கண்டேன். மீனைக் கூறு போட்டு விற்பார்கள். ஒரு கூறு வாங்கித் தங்குமிடத்தில் கொடுத்தால் கீரியைப் புளி விட்டுக் குழம்பாக்கி, பிட்டோடு தருவார்கள். அதற்கு மேல் ஒரு காலை உணவு இந்தக் கரையில் கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன்.

இந்தக் கடலில் குளிப்பது பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. கல்லடிக் கடல் திறந்த கடல். இரண்டு அடி வைத்தால் நிலம் சட்டென்று இறங்கும், அடியில் இழுவை இருக்கும். மருமகனின் மூத்த பையன் முழங்கால் நீரில்தான் நின்றான். ஓர் அலை அவனை உருட்டி உள்ளே எடுத்தது. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க இன்றும் என் கை நடுங்குகிறது. கால்களை நனைத்துக்கொள்ளுங்கள், போதும். நீந்தத்தான் வேண்டும் என்றால் வடக்கே பாசிக்குடாவுக்கு ஒரு பகல் போய் வாருங்கள். அங்கே குடா வளைந்து, பாறைத்திட்டு அலையைத் தடுத்து, நெடுந்தூரம் இடுப்பளவு நீராகவே கிடக்கும். வாழைச்சேனை பஸ்ஸில் போகலாம். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அதுதான் சரியான இடம்.

கடற்கரையோரமாக வடக்கே நடந்தால் திருச்செந்தூர் முருகன் கோயில் வரும். 2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமி அலை வந்தபோது சரிந்த கோபுரத்தைப் பாருங்கள். அதற்கு அப்பால் டச்பார், நாவலடி. டச்பாரில் எங்கள் பறங்கியர், அதாவது ஐரோப்பிய வழிவந்தவர்கள், குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்புமொழி பேசிய வீடுகள். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலரும் அந்தக் கரையில்தான் இருந்தார்கள். நாவலடிக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றுலா இடமாக நினைக்காமல், ஒரு நிமிடம் வாய் மூடி நின்றுவிட்டு வாருங்கள்.

ஒன்பது மணிக்குள் வெயில் ஏறிவிடும். பதினொரு மணி வரை மட்டக்களப்பு நகருக்குள் போகலாம். கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். சிறிய கோட்டை, அரைமணி நேரம் தாராளம். காந்தி பூங்காவில் வாவியோரம் நிழல் உண்டு. 1814இல் வந்திறங்கி மெதடிஸ்த பாடசாலையைத் தொடங்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலையும் அருகே நிற்கிறது. வந்து ஒரு வருடத்துக்குள்ளேயே காய்ச்சலிலும் களைப்பிலும் போய்ச்சேர்ந்த மனிதர் அவர். அந்தப் பாடசாலை இரு நூறு வருடங்களைக் கடந்து இன்றும் நடக்கிறது.

பகல் உறக்கம் கலைந்து நாலு மணிக்கு எழுந்தால் உப்போடைக்கு வாருங்கள். 1929இல் தொடங்கிய சிவானந்தா வித்தியாலயமும், பக்கத்தில் விபுலானந்த அடிகளின் சமாதியும் அங்கே இருக்கின்றன. காரைதீவில் 1892இல் பிறந்தவர், இராமகிருஷ்ண மடத்துத் துறவி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். சமாதியில் அவருடைய பாடலே பொறிக்கப்பட்டிருக்கிறது. பாடசாலை நேரமென்றால் வாசலில் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். இங்கே வந்து நிற்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு, இரவில் விளங்கும்.

ஐந்தரைக்கு வாவிக்கரைக்கு வந்துவிடுங்கள். தெற்கே கல்லாறு வரைக்கும் அதற்கு அப்பாலும் நீண்டு கிடக்கிற வாவி இது, ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளம். பழைய இரும்புப் பாலத்தின்மேல் நடங்கள். ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம் என்று 1924இல் திறந்தது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தபிறகு கனரக வாகனங்கள் அதிலே போகின்றன, பழையது மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேற்கே பாருங்கள். வீச்சுவலைக்காரர் ஒருவர் தோணியில் நிமிர்ந்து நிற்பார். வலை அவர் கையிலிருந்து விரியும் கணத்தில் சூரியன் படுவான்கரையில் இறங்கிக்கொண்டிருக்கும். காலையில் கடலில் எழுந்ததை நீங்களே பார்த்தீர்கள் என்பதால் ஒரு முழு நாளைக் கையில் பிடித்ததுபோல் இருக்கும். எனக்கு அறுபது வயதாகிறது, இன்னும் அது அலுக்கவில்லை.

இனி மீன் பாடுவது. மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று பேருந்து நிலையத்திலிருந்து கல்யாணப் பந்தல் வரை எல்லா இடத்திலும் சொல்கிறோம். ஆனால் வாவிக்குள்ளிருந்து எழும் அந்த ஒலியைக் கேட்டவர்கள் குறைவு. கேட்க வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். சித்திரை முதல் புரட்டாசி வரையான மாதங்களில், பூரணையை ஒட்டிய இரவொன்றைத் தெரிவு செய்யுங்கள். காற்று அறவே விழுந்திருக்க வேண்டும். பாலத்தில் வாகன ஓட்டம் அடங்க இரவு பத்து மணியாகும், அதற்குப் பிறகு போங்கள். வாவிக்கரையில் தோணி வைத்திருக்கும் ஒருவரிடம் பகலிலேயே பேசிக் கூலியை முடித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் இல்லாத தோணியாக இருக்கட்டும். மிதவைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வாவியில் முதலை உண்டு, கையையோ காலையோ நீரில் தொங்கவிடாதீர்கள். பாலத்தருகே போனதும் துடுப்பு வலிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் செங்குத்தாக இறக்கி, மறுமுனையைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசாமல் இருங்கள். கைத்தொலைபேசியை அணைத்துவிடுங்கள்.

1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தால் எழும் ஒலிபோல இருந்தது என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது யாரோ தொலைவில் தம்புராவுக்குச் சுருதி கூட்டுவதுபோலக் கேட்டது. பாடுவது மீன்தானா என்பதே வழக்கில் இருக்கிறது. அந்தக் காலத்து மீனவர்கள் ‘ஊரி குழறுகிறது’ என்றார்கள். ஊரி என்பது வாவியடியில் கிடக்கிற சிறு சிப்பிவகை. யாழைப் பற்றி ஆயுள் முழுவதும் ஆராய்ந்த விபுலானந்தர் இந்த ஒலியை நீரரமகளிரின் பாட்டாகக் கவிதையாக்கினார். மாலையில் சமாதிக்குப் போகச் சொன்னது இதற்காகத்தான். தோணியில் இருக்கும்போது அவருடைய ஞாபகம் வரும்.

நான் அதைக் கேட்டது வாழ்க்கையில் இரண்டே முறை. முதல் முறை 1977இல், அப்பாவோடு, எனக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த வருடம் சூறாவளி வந்து எங்கள் தென்னைகளை எல்லாம் படுக்க வைத்தது. பிறகு போர். இரவில் பாலப்பக்கம் தலைகாட்ட முடியாத வருடங்கள் எத்தனையோ. மறுபடி கேட்டபோது எனக்கு ஐம்பது வயதாகியிருந்தது, அதே சுருதி. தோணிக்காரத் தம்பி என்னைப் பார்த்து, “அக்கா, ஏன் அழுகிறீர்கள்?” என்று கேட்டார். என் மருமகன் வாவிக்குப் போன அன்றிரவு காற்று இருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நிலவொளியில் ஒரு மணி நேரம் மிதந்துவிட்டு வந்தார்கள். பிள்ளைகள் தோணியிலேயே தூங்கிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் காலை மறுபடி கடல். அதன்பின் வெயில் ஏறுமுன் படுவான்கரைக்குப் போங்கள். மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது. அதற்கு முன்பு பாதையில்தான் கடந்தோம். ‘பாதை’ என்றால் எங்கள் வழக்கில் ஆளையும் சைக்கிளையும் வண்டியையும் ஏற்றிக் கரை மாற்றும் மிதவை. பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைத் தரிசியுங்கள். கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயருக்கு முன்னால் கல் நந்தி எழுந்து புல் தின்றது என்ற கதையை அங்கே எந்தக் கிழவியிடம் கேட்டாலும் நேற்று நடந்ததுபோலச் சொல்லுவார். வைகாசியில் வந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கும், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியும் நடக்கும். அறுவடை முடிந்த காலமென்றால் வடமோடியோ தென்மோடியோ கூத்து எங்காவது களரியேறும். வீதியில் விசாரித்தாலே போதும், விடிய விடியப் பார்க்கலாம்.

திரும்பும் வழியில் எருமைத் தயிர் வாங்குங்கள். சட்டியைச் சரித்துப் பாருங்கள்; அசையாமல் நின்றால் அன்றைய உறைவு நல்லது. தண்ணீர் விட்டிருந்தால் விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். காத்தான்குடியில் மஸ்கட், தொதல் என்ற இனிப்புகளை வாங்கிக்கொள்ளலாம், அவை நாள்பட நிற்கும். தயிரை மட்டும் ரயிலில் சாமான் தட்டில் ஏற்றாதீர்கள். சட்டியின் வாயைக் கடதாசியால் மூடிக் கயிறு போட்டுத் தருவார்கள், மடியில் வைத்துக்கொண்டு போங்கள். என் மருமகன் கொழும்பு வரை அப்படித்தான் கொண்டுபோனான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கியதும் தொலைபேசியில் சொன்னான்.