மருந்தடிக்கிற மாதமும் பறவை வருகிற மாதமும்: யாழ்ப்பாணத் தோட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடல்நீரேரியில் கலந்துவிடும். பெய்கிற மழைக்கு இங்கே இரண்டு வழிதான். ஒன்று, செம்மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாகக் கிணற்றுக்குப் போவது. மற்றது, வயலையும் வெள்ளவாய்க்காலையும் கடந்து உப்பாறு, தொண்டைமானாறு, வடமராட்சி நீரேரிகளுக்குப் போவது. தோட்டத்தில் அடிக்கிற மருந்துக்கும் இதே இரண்டு வழிதான். தண்ணீரில் கரையும் மருந்து (இமிடாகுளோபிரிட் போன்றவை) முதல் வழியால் இறங்கும். மண் துகளில் ஒட்டிக்கொள்ளும் மருந்து, வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போகும்போது இரண்டாவது வழியால் போகும்.

வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கும். காலபோக நெல்லுக்கு மருந்தடிப்பதும் அந்த மாதங்களில்தான். புரட்டாசி தொடங்கிப் பங்குனி வரை நீரேரிச் சேற்றில் இரை தேடும் வலசைப் பறவைகளுக்கும் அதே காலம். அவற்றில் வளைமூக்கு உள்ளான் என்ற சிறு பறவையின் எடை ஏறத்தாழ 60 கிராம். சைபீரியாவின் ஆர்க்டிக் கரையில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. 2024இல் ஐ.யு.சி.என். (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியல் இதையும் சாம்பல் நிற உப்புக்கொத்தியையும் அழியும் ஆபத்துள்ள இனங்களில் சேர்த்தது. இவை குறைந்துவருவதற்கு, வரும் வழியிலுள்ள கரையோரச் சேற்றுநிலங்கள் அழிவதே பெரிய காரணம். அதற்காக நம் பங்கு இல்லையென்று ஆகாது. திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை இவை சேர்ப்பது நம்முடைய சேற்றிலுள்ள புழுவையும் சிறு இறாலையும் தின்றுதான்.

இதனால் முதலில் திருத்த வேண்டியது, "மனிசருக்குப் பெரிய நஞ்சில்லை, அடிக்கலாம்" என்ற எண்ணம். டெல்டாமெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்ற பைரித்ரொயிட் மருந்துகள் பறவைக்கு நேரடியாகப் பெரிய கேடு செய்வதில்லை. ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவே போதும். பறவை சாகாது, அதன் சாப்பாடு செத்துவிடும். நீரேரிக் கரை வயல்களில் இந்த வகையைத் தவிர்ப்பதே நல்லது. வேறு வழியில்லாமல் அடிக்க நேர்ந்தால், லேபிள் அதைவிடக் கூடிய தூரம் கேட்காதவரை, நீர்க்கரையிலிருந்து குறைந்தது 10 மீற்றர் மருந்தில்லாமல் விடுங்கள். அந்தப் பட்டியில் புல்லையும் கோரையையும் செருக்காமல் விட்டால் வெள்ளத்தோடு வரும் மண்ணை அது பிடித்துவைக்கும். 24 மணித்தியாலத்துக்குள் மழை வருமென்றால் மருந்துப் போத்தலைத் திறக்கவே வேண்டாம். கழுவுப்பட்டுப் போனால் காசும் போச்சு, நீரேரியும் போச்சு.

வெங்காயத்தில் நடப்பது வேறு. வெங்காயத்தாள் உருண்டை, மேலே மெழுகுப் படை. மருந்துத் துளி பட்ட கையோடு முத்தாகத் திரண்டு, தாள் நெடுக உருண்டு பாத்தி மண்ணில் விழும். தாள் நனையவில்லை என்று கண்டதும் கை தானாக இன்னொரு மூடி மருந்தை ஊற்றுகிறது. குறைவாக இருப்பது மருந்து அல்ல, ஒட்டும் தன்மை. பயிருக்கென விற்கும் ஒட்டுத்திரவத்தை லேபிள் அளவில் சேர்த்து, நுண்துளி வரும் நொசிலால் அடித்தால் அதே மருந்து தாளில் படலமாகப் பரவும்.

இன்னொன்று, வெங்காயப் புழு பொரித்துக் கொஞ்ச நாளில் தாளைத் துளைத்து உள்ளே போய்விடும். பிறகு உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்ட, வெளியே கண்ணாடி போல வெளிறிய திட்டுத் தெரியும். அந்தத் திட்டைக் கண்டபின் மேலே அடிக்கிற மருந்து புழுவுக்கு எட்டாது, மண்ணுக்குத்தான் போய்ச் சேரும். காலையில் பாத்தி வழியே நடந்து, தாளில் பஞ்சு மூடினமாதிரி ஒட்டியிருக்கும் முட்டைக் கூட்டத்தைக் கிள்ளி நசுக்குவதற்கு ஈடான மருந்து இல்லை. தப்பிய குஞ்சுப் புழுவுக்குப் பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பக்டீரியா மருந்து போதும். அதையும் பின்னேரம் அடியுங்கள். வெயிலில் அது கெதியாகச் செயலிழக்கும், புழு மேய்வதும் இரவில்தான்.

அளவுக்கு வருவோம். லேபிள் ஏக்கர், ஹெக்டேயர் கணக்குச் சொல்லும். நம்முடையது பரப்புக் கணக்கு. 16 பரப்பு ஒரு ஏக்கர். முதலில் வெறும் தண்ணீரை 16 லீற்றர் டாங்கியில் நிரப்பி, வழக்கமான நடையில் அடித்து, எத்தனை பரப்புக்குக் காணும் என்று பாருங்கள். இரண்டு பரப்புக்குக் கண்டால் ஏக்கருக்கு 8 டாங்கி. லேபிள் ஏக்கருக்கு 200 மில்லிலீற்றர் என்றால் டாங்கிக்கு 25 மில்லிலீற்றர். போத்தல் மூடியால் அளந்து 40 ஊற்றுகிறவர், தனக்குத் தெரியாமலே 60 வீதம் கூடுதலாக அடிக்கிறார். மூடிக்கு மூடி கொள்ளளவு மாறும். அளவுக்குவளை ஒன்று வாங்கி வைத்தால் முடிந்தது.

கலக்கிற தண்ணீரையும் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் ஊறிய கிணற்றுத் தண்ணீர் சற்றுக் காரத்தன்மையானது. பல ஒர்கனோபொஸ்பேற்று, காபமேற்று மருந்துகள் காரத்தில் சிதையும். இரவே கலந்து வைத்து விடியக் கொண்டுபோனால் வீரியம் இறங்கியிருக்கும். "மருந்து வேலை செய்யுதில்லை" என்று மூன்றாம் நாள் திரும்ப அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடிக்கும் நேரத்தில் தேவையான அளவு மட்டும் கலவுங்கள்.

டாங்கியைக் கிணற்றடியில் கழுவுவதும் தவறு. வெடித்த சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டாது. உங்கள் கழுவுநீர் பக்கத்துக் காணிக் கிணற்றில் ஏறும். டாங்கியில் கால்வாசித் தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி, அதே பயிர் மேல் அடித்துவிடுங்கள். மூன்று தரம் இப்படிச் செய்ய வேண்டும்.

நெல்லில் அவசரமே பெரிய தவறு. விதைத்து 40 நாளைக்குள் இலைசுருட்டிப் புழுவைக் கண்டு பூச்சிமருந்து அடித்தால், முதலில் சாவது சிலந்தியும் மற்ற இரைகௌவிகளும். காவல் போனபின் நெல்லின் சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்தி பெருகும், அதற்கு இன்னும் கடுமையான மருந்து தேவைப்படும். அந்த வயதில் நெல் புதிய இலை விட்டு இழப்பை ஈடுசெய்துவிடும். கை குறுகுறுத்தாலும் பொறுங்கள்.

எலிக்கு வைக்கும் நஞ்சில் இரண்டாவது சாவு ஒன்று இருக்கிறது. புரோடிபக்கூம், புரோமடியோலோன் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சுகளைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடி வெளியில் திரியும், கூகைக்கும் கீரிக்கும் பருந்துக்கும் இலகுவான இரையாகும். நீர்நிலைகளை அண்டி வாழும் மீன்பிடிப் பூனையும் எலி தின்னும். அதுவும் சிவப்புப் பட்டியலில் உள்ளது. எலி பிடிக்கிற பிராணிகளை நஞ்சால் கொன்றுவிட்டு, அடுத்த போகத்தில் எலி கூடிப்போச்சு என்று புலம்புவதில் அர்த்தமில்லை. வரம்பு ஓட்டைகளை அடைத்துப் பொறி வையுங்கள். நஞ்சு வைத்தே ஆகவேண்டுமென்றால் மூடிய இரைப்பெட்டிக்குள் வைத்து, தினமும் காலையில் செத்த எலியைப் பொறுக்கி ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். வயலுக்குள் 'டி' வடிவத்தில் ஆறேழு அடி உயரக் கம்பு நட்டால் கூகை வந்து குந்தும். அலறுது, வீட்டுக்கு ஆகாது என்று கல்லெறிகிற பழக்கத்தை மட்டும் விட வேண்டும்.

கடையில் பெயரைக் கேட்டு வாங்காமல், லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் செயற்படு மூலப்பொருளை வாசியுங்கள். இமிடாகுளோபிரிட், தயமெதொக்சாம், அசெட்டமிபிரிட் மூன்றும் ஒரே குழு. அழுக்கணவனுக்கு இவற்றை மாறி மாறி அடிப்பது மருந்தை மாற்றுவதாகாது. ஒரே மருந்தை மூன்று தரம் அடிப்பதுதான்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யாத மருந்தை இங்கே விற்கக் கூடாது. மொனோகுரோட்டோபொஸ் 1995இலும் என்டோசல்பான் 1998இலும் நிறுத்தப்பட்டன. மொனோகுரோட்டோபொஸ் என்ன செய்யும் என்பதற்கு ஆர்ஜென்டினா சாட்சி. அங்கே 1995-96இல் வெட்டுக்கிளிக்கு அடித்த அந்த மருந்தால், வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்த சுவைன்சன் பருந்துகளில் ஏறத்தாழ 20,000 செத்தன என்று மதிப்பிடப்பட்டது. ஆகவே தமிழிலும் சிங்களத்திலும் லேபிள் இல்லாத, "அங்கால இருந்து வந்தது, நல்லாக் கேட்கும்" என்று தரப்படும் போத்தலைத் தொடாதீர்கள். ஏற்கெனவே வீட்டில் கிடந்தால் வாய்க்காலில் ஊற்றவும் வேண்டாம், காணிக்குள் புதைக்கவும் வேண்டாம். மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, அதை என்ன செய்வதென்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.