பாறை வெடிப்பில் ஆமைக் கை: காம்புள்ள பார்னக்கிளைத் தேடிப் பார்ப்பது எப்படி?

காம்புள்ள பார்னக்கிள், காம்பால் ஒட்டிக்கொண்டு வாழும் ஓடுள்ள சிறு கடலுயிர். அதைத் தேட, திருகோணமலையில் அலை மோதும் பாறைகளுக்குக் குறைவில்லை. அதற்காகச் சுவாமி மலையின் செங்குத்துச் சரிவில் இறங்கிவிடாதீர்கள். மணலில் நின்றே எட்டக்கூடிய தாழ்ந்த பாறை ஒன்று போதும்.

முதலில் நாளைத் தெரிவுசெய்யுங்கள். மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் கூடுதலாக வற்றும். அப்போதும் நமது கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரை எட்டாது என்பதால், வெளியே தெரிவது ஒடுங்கிய பட்டைதான்.

அடுத்தது சப்பாத்து. நான் முதல்நாள் செருப்போடு போய் வழுக்கி விழுந்தேன். முழங்காலைச் சீவியது சிறு எரிமலைபோல் பாறையில் ஒட்டியிருந்த காம்பில்லாத பார்னக்கிள். அதைக் கண்டு ‘கிடைத்துவிட்டது’ என்று மகிழ்ந்ததுதான் இன்னும் வெட்கம்.

தேடவேண்டியது வெடிப்புகளுக்குள். இந்து-பசிபிக் கரைப் பாறைகளில் வாழும் காம்புள்ள இனமான காபிட்டுலம் மைடெல்லாவை ஜப்பானியர் ‘ஆமைக் கை’ என்பார்கள். மேலே நகம்போன்ற ஓட்டுத் தகடுகள், கீழே செதில் போர்த்த தடித்த காம்பு: பெயர் அப்படியே பொருந்தும். நண்டு, இறால் இனத்தைச் சேர்ந்த இது, குஞ்சுப் பருவத்தில் தலைப்பக்கத்தைப் பாறையில் ஒட்டிக்கொண்டு பிறகு இடம் மாறுவதில்லை. இணைசேர அயலான் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். எனவே ஒன்றைக் கண்டால் பக்கத்திலேயே கூட்டமும் இருக்கும். கத்தியால் நெம்பாதீர்கள்.

இனி அலையைக் கவனியுங்கள். மோதும்போதல்ல, வடியும்போது. ஸ்பெயின், போர்த்துக்கல் பாறைகளில் வாழும் பொலிசிப்பெஸ் என்ற காம்புள்ள பார்னக்கிள் இனம், வடியும் நீருக்குக் கால்களை வலையாக விரித்துவைத்து இரை பிடிக்கிறது. ஓடித் திரியாமல் விருந்துண்ணும் சோம்பேறி!

பாறையில் ஒன்றும் அகப்படாவிட்டால் கரையொதுங்கிய கட்டை, போத்தல்களைப் புரட்டுங்கள். மிதக்கும் பொருள்களில் வளரும் லெப்பாஸ் என்ற காம்புள்ள பார்னக்கிள் இனம் தொங்கக்கூடும். போத்தலோடு அப்படியே கடல்நீர் வாளிக்குள் இறக்கி, நிழல் விழாமல் ஒதுங்கி நில்லுங்கள். ஐந்து வெண்தகடுகளுக்கிடையே ஒரு கீற்றுப் பிளக்கும். கருமையான ஆறு சோடிக் கால்கள் சுருள் விரிந்து, நீரை அள்ளி, உள்ளே மறையும். மறுபடியும் வரும். டார்வின் பார்னக்கிள்களோடு 1846 முதல் எட்டு ஆண்டுகளைக் கழித்தார். நீங்கள் அரைமணி நேரமாவது குந்தியிருங்கள்.

கிடைத்தது கட்டையென்றால், வாளி நீர் சூடாகுமுன் கடலிலேயே விட்டுவிடுங்கள். போத்தலென்றால் என்ன செய்வது என்று நான் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.