கியர் நாப் மாற்றும் முன் மரையைப் பாருங்கள்

பழைய காரில் முதலில் மூப்படைவது கை படும் இடங்கள். ஸ்டியரிங் வழுவழுப்பாகும். கியர் கம்பியின் உச்சியில் கை பிடிக்கும் குமிழான கியர் நாப்பின் தோல் உரியும். அதன் தலையில் இருந்த எண்கள் அழிந்து மொட்டையாகும். புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவது ஐந்து நிமிட வேலை என்று உதிரிபாகக் கடைக்காரர் சொல்வார். பொய்யில்லை, சரியான நாப் கையில் இருந்தால் அவ்வளவுதான் ஆகும். இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறுகள் காருக்குள் நடப்பதே இல்லை. கடையில், அளவு பார்க்காமல் பணத்தை நீட்டும்போதே நடந்துவிடுகின்றன.

அதற்கும் முந்தைய தவறு ஒன்று உண்டு: கியர் ஆடுவதற்கெல்லாம் நாப் மேல் பழி போடுவது. நாப்புக்குக் கீழே கம்பியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாப்பை அசைத்துப் பாருங்கள். நாப் மட்டும் ஆடினால் அதை மாற்றலாம். கம்பியே தொளதொளவென்று ஆடினால் அடியில் அதைத் தாங்கும் சிறு வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். அதற்கு எவ்வளவு அழகான நாப் வாங்கி மாட்டினாலும் கியர் இருந்த மாதிரியே விழும்.

தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே என்று மாற்ற நினைப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். மென்மைக்காகப் பூசிய ரப்பர் போன்ற மேல்பூச்சு வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைவதால் வரும் பிசுக்கு அது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் பூச்சு கழன்று, அடியில் நல்ல பிளாஸ்டிக் வெளிவரும். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம், அவை பூச்சோடு பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் மரை, அதாவது நாப்பைத் திருகி ஏற்றும் சுருள் வரிகள். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று அட்டையில் அச்சடித்திருப்பதை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம். கம்பியின் விட்டம் ஒரு கணக்கு, மரைகளுக்கு இடையே உள்ள தூரம் இன்னொரு கணக்கு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஹோண்டா கார்களில் வழக்கமாக 10 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. இடைவெளி. மாஸ்டாவில் விட்டம் அதே 10, இடைவெளி 1.25. டொயோட்டாவில் பெரும்பாலும் 12 மி.மீ. விட்டமும் 1.25 இடைவெளியும். 12 மி.மீ. நாப்பை 10 மி.மீ. கம்பியில் போட்டால் லொடலொடவென்று ஆடி உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஏமாற்றுவது விட்டம் ஒத்து இடைவெளி மாறும் வகை. ஒன்றிரண்டு சுற்று இயல்பாக ஏறும், பிறகு இறுகும். ‘புதுசு, அப்படித்தான் இருக்கும்’ என்று பலம் கொடுத்துத் திருகினால், கம்பியின் எஃகு மரை நாப்பின் பிளாஸ்டிக்கைக் கிழித்துத் தனக்கு ஒரு வழி போட்டுக்கொள்ளும். அன்றைக்கு ஜம்மென்று நிற்கும். கொஞ்ச நாள் ஓட்டத்தில் கிழிந்த மரை தளர்ந்து, இரண்டாவது கியருக்கு இழுக்கும்போது நாப் மட்டும் கையோடு வரும்.

இதைத் தவிர்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பழைய நாப்பைக் கழற்றிய பின், ஹார்டுவேர் கடையில் சாதாரண 10 மி.மீ. நட் ஒன்றை வாங்கிக் கம்பியில் விரலால் சுற்றிப் பாருங்கள். கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் நட் 1.5 இடைவெளி கொண்டது. 1998இல் இந்தியாவுக்கு வந்த முதல் ஹோண்டா சிட்டியின் கம்பியில் அது அடிவரை சுலபமாக இறங்க வேண்டும். பாதியில் இறுகினால் உங்கள் வண்டி வேறு கணக்கு. சந்தேகமாக இருந்தால் கழற்றிய நாப்பை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அளந்து சொல்லிவிடுவார்கள். பழைய நாப் கையில் இல்லாமல் சென்னையில் உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ போய் நிற்பது வீண் அலைச்சல்.

கழற்றும்போது எல்லா நாப்பும் திருகினால் வரும் என்று நினைக்க வேண்டாம். சிலவற்றில் பக்கவாட்டில் தலையில்லாத சிறு திருகு ஒளிந்திருக்கும், அதைத் திருக ஆறுமுனைச் சாவியான ஆலன் கீ கேட்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் பொதுவாக மரையே கிடையாது. தோல் உறையை மேலே புரட்டினால் உள்ளே ஒரு பட்டை கிளிப் நாப்பைக் கவ்விப் பிடித்திருக்கும். அதைப் பார்க்காமல் பிடுங்குகிறவருக்கு, நாப் திடீரென்று விடுபட்டு முகவாயில் குத்தும் அபாயம் உண்டு. சுற்றச் சுற்ற நாப் சுழல்கிறது, மேலே ஏறவில்லை என்றால் உள்ளே பதித்த உலோகக் குழல் பிளாஸ்டிக்கிலிருந்து விடுபட்டிருக்கிறது. மேலே இழுத்தபடியே திருகிப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால், எப்படியும் தூக்கிப் போடப் போகும் நாப்தானே, நெடுக்காக அறுத்து எடுத்துவிடலாம். கம்பியைக் குறடால் பிடிக்க நேர்ந்தால் துணி சுற்றிப் பிடிக்க வேண்டும், அதுவும் மரைப் பகுதியில் பிடிக்கவே கூடாது. கைபிரேக் போட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

நாப் லேசாக ஆடுகிறதென்று ஃபெவிக்விக்கையும் எம்-சீலையும் எடுப்பது நம் ஊர்ப் பழக்கம். ஒட்டிக்கொள்ளும், சந்தேகமில்லை. ஆனால் கியர் கம்பியின் தோல் உறை கிழிந்தாலோ அடியில் புஷ் மாற்ற நேர்ந்தாலோ, நிறைய வண்டிகளில் முதலில் நாப்பைத்தான் கழற்றியாக வேண்டும். அன்றைக்கு மெக்கானிக் உளியோடு நிற்பார். மரைக்கென்றே விற்கும் பசையான திரெட் லாக்கரிலும் நிறம் பார்க்க வேண்டும். சிவப்பு ஒட்டினால் சுமார் 250 டிகிரி சூடு காட்டித்தான் பிரிக்க முடியும், தோலும் பிளாஸ்டிக்கும் அதைத் தாங்காது. நீலத்தைக் கைக்கருவியால் பிரிக்கலாம் என்றாலும் சில வகைப் பிளாஸ்டிக்குகளில் அது விரிசல் உண்டாக்கும். உள்ளே உலோகக் குழல் இருந்தால் மட்டும் ஒரு சொட்டு விடலாம். குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றினாலே பெரும்பாலும் போதும். நாப்பின் எண்கள் கோணலாக நிற்கின்றன என்றால், நேராக்குவதற்காகக் கூடுதலாக இறுக்கவும் கூடாது, பாதி தளர்த்தி விடவும் கூடாது. அடியில் ஒரு பூட்டு நட் போட்டு, வேண்டிய கோணத்தில் நாப்பை நிறுத்தி, அந்த நட்டை மேல்நோக்கி இறுக்குவதுதான் முறை.

ரிவர்ஸ் போட நாப்புக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்க வேண்டிய கார்கள் உண்டு. ஓப்பல் கோர்சா, ஹூண்டாய் ஐ20, ரெனோ டஸ்டர் எல்லாம் அப்படித்தான். அவற்றில் வளையமில்லாத பொது நாப்பை மாட்டினால் வண்டி முன்னால் மட்டும்தான் போகும். ஆட்டோமேட்டிக் காரில் நாப்பில் இருக்கும் பொத்தானும் அதன் ஸ்பிரிங்கும் பூட்டை விடுவிக்கும் ஏற்பாட்டின் பகுதி. அங்கே அந்த மாடலுக்கென்றே வந்த நாப்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

அலங்காரத்துக்காக விற்கும் கனமான உலோக உருண்டைகள் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கனம் கூடினால் கியர் வழுக்கிக்கொண்டு விழுகிறது என்பார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற காரில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். உயரத்தையும் கவனியுங்கள். நாப் உயர்ந்தால் கை நகரும் தூரம் கூடும், மூன்றிலோ ஐந்திலோ டேஷ்போர்டில் இடிக்கலாம். தாழ்ந்தால் தூரம் குறையும், ஆனால் அதிகமாக அழுத்த வேண்டியிருக்கும்.

கடைசியில், நாப்பின் தலையில் உள்ள படம் உங்கள் கியர்பாக்ஸுடையதுதானா என்று பாருங்கள். நான்கு கியர் வண்டியில் ஐந்து எண் போட்ட நாப்பைப் பார்ப்பது அரிதல்ல. ஓட்டுகிற உங்களுக்குக் கை பழகியிருக்கும். வாட்டர் சர்வீஸ் பையனுக்கும் ஓட்டல் வாசலில் சாவி வாங்குகிறவருக்கும் பழகியிருக்காது. ஐந்து கியர் ஹோண்டா சிட்டியில் ரிவர்ஸ் வலது கீழ் மூலையில், ஃபோக்ஸ்வாகன் போலோவில் இடது மேல் மூலையில், முதல் கியருக்குப் பக்கத்திலேயே. படமே இல்லாத நாப்தான் பிடித்திருக்கிறது என்றால், சரியான படத்தைச் சிறு ஸ்டிக்கராக ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.